மேல் கிளி, கீழ் கிளி

ஸீனியா ஓபாந்தோ பிறந்த வீட்டுக்கு ஓர் எண் இருந்தது. நானூற்றுப் பதினேழு. எங்கள் நாட்டில் வீட்டுக்கு எண் இருப்பது பெரிய விஷயம். மற்றவர்களுக்கெல்லாம் விலாசம் என்பது, ஊரறிந்த ஏதாவது ஓர் அடையாளத்திலிருந்து இத்தனை மீட்டர் என்பதுதான். தெற்கே கொல்ஃபீத்தோவில் வாழைக் கம்பெனிக்காரன் வீடு, கொட்டகை, படகு, கழிப்பறை என்று கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் எண் போட்டான். பிறகு ஒரு நாள் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். எண்கள் மட்டும் நின்றுவிட்டன. எண் உள்ள வீட்டில் பிறந்தவர்களுக்குக் கொஞ்சம் திமிர் இருக்கும். ஸீனியாவுக்கும் இருந்தது.

அவள் ஊர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் ஒன்பது வருஷம் தற்காலிக வேலை பார்த்தவள். போர்வைகளை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுப்பது அவள் பொறுப்பு. ஒரு தலையணை உறை குறைந்தால்கூட 'குறைகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள். "நாப்பதுன்னு எழுதிடு, யாரு பார்க்கப்போறா" என்று மேற்பார்வையாளர் கெஞ்சினாலும் மாட்டாள். இதனால் அவளுக்கு நண்பர்கள் குறைவு. ஆனாலும் முப்பத்தொரு வயதில் நிரந்தர வேலைக்கான உத்தரவு வந்தபோது ஊரே வந்து கட்டிப்பிடித்தது. உத்தரவின் இரண்டாம் பக்கத்தைப் பிறகுதான் படித்தார்கள். வேலை தலைநகரில், சான் ஹோசேயில். காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை.

அவள் மகள் யெர்லினுக்கு அப்போது நாலரை வயது. அப்பாக்காரன் மீன்பிடிப் படகில் பனாமா பக்கம் போனவன், அந்தப் பக்கமே பிடித்துப்போய்த் தங்கிவிட்டான். ஆகவே முடிவெடுக்க வேண்டியவள் ஸீனியா ஒருத்திதான். உதவிக்கு வந்தவள் அண்ணி கிரெட்டெல்.

"புள்ளைய இங்க விட்டுட்டுப் போயேன். என் நாலோட அஞ்சா வளரட்டும். லீவுக்கு லீவு வந்து பார்த்துக்க."

"லீவு எனக்கு வருஷத்துக்குப் பதினஞ்சு நாள், அண்ணி."

"பதினஞ்சு நாள் பார்த்தா பத்தாதா? எங்கண்ணன் கப்பல்ல இருந்தான். எங்கப்பா அவன வருஷத்துக்கு நாலு நாள்தான் பார்த்தாரு. ரெண்டு பேரும் நல்லாத்தான் இருந்தாங்க."

கிரெட்டெல் கெட்டவள் இல்லை. அவளுக்குப் பிள்ளைகள் என்றால் தலை எண்ணிக்கை, அவ்வளவுதான். ஆனால் அன்று இரவு ஸீனியாவுக்குத் தூக்கம் வரவில்லை. தலைநகரில் பிள்ளையோடு வாழ ஓர் இடம் கிடைக்காவிட்டால் யெர்லின் இங்கே அஞ்சாவதாக வளர்வாள், தான் ஏழு மணி நேரப் பஸ் தூரத்தில் யாருடைய போர்வையையோ எண்ணிக்கொண்டிருப்போம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

சான் ஹோசேயில் அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் சித்தி மகன் மினோர். டாக்ஸி ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வண்டியில் ஏறி, நகரத்தைச் சுற்றியிருக்கிற புறநகர்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பது என்று ஏற்பாடு. ஸீனியா ஒரு நோட்டு வாங்கிக் கட்டம் போட்டுக்கொண்டாள். பஸ், தண்ணீர், பாலர் வகுப்பு, மருந்தகம், நாய்கள் என்று பத்துத் தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க்.

மினோரிடம் நோட்டு கிடையாது. அபிப்பிராயங்கள் இருந்தன.

"மொராவியா வேணாம். குளிரு. நீ வெயில்ல காஞ்ச ஆளு, உனக்கு மூக்கு ஒழுகும்."

"சரி, அத்தீயோ?"

"அங்க என் முன்னாள் பொண்டாட்டி இருக்கா. நான் வண்டிய உள்ள விடமாட்டேன். தெருமுனைல எறக்கிவிடுறேன், நடந்து போய்ப் பார்த்துட்டு வா."

"தெசாம்பராதோஸ்?"

"கைவிடப்பட்டவங்கன்னு பேரு வச்ச ஊர்ல போய், அதுவும் புருஷன் இல்லாத நீ குடியேறப் போறியா? கேக்குறவன் சிரிப்பான்."

பார்த்த இடங்களில் எல்லாம் ஸீனியா மார்க் போட்டாள். அறுபத்தி எட்டு, எழுபத்தி ஒன்று, அறுபத்தி ஒன்பது. அவள் நோட்டின்படி சான் ஹோசேயின் புறநகர்கள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே ஊர். கடைசியில் முடிவு செய்தது நோட்டு இல்லை, யெர்லினின் மூத்திரப்பை.

மினோர் வண்டியில் எப்போதும் புளித்தண்ணீர் இருக்கும். சர்க்கரை போட்டு ஐஸ் போட்டது. யெர்லின் அதை விடாமல் குடிப்பாள். ஆகவே ஒவ்வொரு புறநகரிலும் இறங்கிய கால் மணி நேரத்தில் அவளுக்கு அவசரம் வரும். ஸீனியா கையில் பிள்ளையோடு ஏதாவது ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவாள். முதல் ஊரில் கம்பிக் கதவுக்குப் பின்னால் ஒரு பெட்டி பேசியது. யார், எதற்கு, யாரைத் தெரியும் என்று அது கேட்டு முடிப்பதற்குள் காரியம் தெருவிலேயே முடிந்துவிட்டது. இரண்டாம் ஊரில் ஒருவர், "எங்க வீட்டுக் கக்கூஸ் ரிப்பேரு" என்றார். உள்ளே தண்ணீர் இழுத்துவிடும் சத்தம் கேட்டது. மூன்றாம் ஊரில் ஒரு கடைக்காரி, ஏதாவது வாங்கினால்தான் என்றாள். ஒரு சோப்பு வாங்கினார்கள்.

நான்காவது, குவாதலூப்பே மேட்டுக்கு மேலே லாஸ் கிதீத்தேஸ். அங்கே ஒரு மஞ்சள் கேட்டைத் தட்டியபோது, அறுபது வயதிருக்கும், கையெல்லாம் சோள மாவாக ஓர் அம்மாள் வந்து கதவைத் திறந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. பிள்ளை கால் மாற்றிக் கால் நிற்பதைப் பார்த்தார், அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். மாவு அப்பிய கையோடு. திரும்பி வரும்போது யெர்லினின் கையில் இலையில் கட்டி வேகவைத்த சோள மாவுத் தமால் ஒன்று இருந்தது, முகம் கழுவியிருந்தது, தலை பின்னியிருந்தது.

"பின்னாடி ரெண்டு ரூம் சும்மாதான் கெடக்கு," என்றார் அந்த அம்மாள். எர்மிதா என்று பேர், ஊர் மரியாதைக்குத் தோன்யா எர்மிதா. "வாடகைக்கு விடலாம்னு இருக்கேன். உங்களுக்கு வேணுமா?"

ஸீனியா நோட்டை மூடினாள். அந்த ஊருக்கு அவள் மார்க் போடவே இல்லை.

ஆனால் அவள் ஏமாளி இல்லை. விசாரித்துவிட்டுத்தான் கை கொடுத்தாள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாலர் வகுப்பு பதினொரு மணிக்கு முடிந்தாலும், சாப்பாட்டுக் கூடமும் அதற்குப் பிறகு பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் அறையும் இருந்தன. இரண்டரை மணி வரை. காலையில் கொண்டுபோய் விடுவதைத் தோன்யா எர்மிதா ஏற்றுக்கொண்டார். பத்து மணிக்கு மேல் அவர் தமால் கூடையோடு சந்தைக்குப் போய்விடுவார். கணக்கு இம்மி பிசகாமல் பொருந்தியது. இன்னொன்றையும் அவள் பார்த்துவைத்தாள். பள்ளிக்கூடத்தின் தெற்கு எல்லை 'கிளியிலிருந்து தெற்கே முந்நூறு மீட்டர்' என்று அறிவிப்புப் பலகையில் இருந்தது. தோன்யா எர்மிதாவின் தண்ணீர் ரசீதில் விலாசம், 'கிளியிலிருந்து தெற்கே இருநூறு மீட்டர், மஞ்சள் கேட்.' இருநூறு முந்நூறைவிடக் குறைவு. எண்ணில் பிறந்தவளுக்கு இது போதாதா?

"எந்தக் கிளி?" என்று மினோர் அப்போதே கேட்டான்.

"கிளிதான். செத்துப்போச்சாம். இருபது வருஷம் ஆச்சாம்."

"செத்த கிளியா, அப்ப சரி," என்றான் மினோர். "உசுரோட இருக்குற கிளிய நம்பி வீடு எடுக்கக் கூடாது. பறந்துரும்."

ஜனவரியில் சாமான்கள் வந்து இறங்கின. பிப்ரவரி முதல் வாரத் திங்கட்கிழமை, வேலை முடிந்து ஸீனியா யெர்லினைக் கூட்டிக்கொண்டு பள்ளியில் சேர்க்கப் போனாள். தலைமையாசிரியர் தோன் எலியேசர் மெலிந்த மனிதர். எதையும் இரண்டு முறை படிப்பவர். ரசீதை இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க எல்லைக்கு வெளிய இருக்கீங்க, ஸெனியோரா."

"இருநூறு மீட்டர்தானே, தோன் எலியேசர். முந்நூறு வரைக்கும் உண்டுன்னு வெளிய எழுதியிருக்கே."

"உங்க ரசீதுல இருக்கறது கீழ் கிளி. எல்லைப் பத்திரத்துல இருக்கறது மேல் கிளி."

ஸீனியா அவரையே பார்த்தாள். "ரெண்டு கிளியா?"

"ஒரே கிளிதான்," என்றார் அவர் பொறுமையாக. "கிளி வச்சிருந்த தோன்யா ரஃபாயேலா மொதல்ல மேல, கோயில் முனைல குடியிருந்தாங்க. அப்புறம் ரெண்டு தெரு தெற்க தள்ளி வீடு மாறுனாங்க. கிளியும் கூடப் போச்சு. மேல் முனைலேருந்து எண்ணுனா உங்க வீடு நானூறு மீட்டர்."

அவர் எடுத்துக் காட்டிய பத்திரம் நகலின் நகலின் நகல். தேதி இருந்த மேல் ஓரம் எப்போதோ இயந்திரத்தில் விழுங்கப்பட்டுவிட்டது. பள்ளிக்கூடக் கூரை மாற்றிய வருஷம் தட்டச்சு செய்தது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். கூரை எந்த வருஷம் மாற்றினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. எங்கள் ஆட்களுக்குத் தேதியும் விலாசம் மாதிரிதான். இல்லாமல் போன ஒன்றை வைத்துத்தான் சொல்வார்கள்.

"நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்ல," என்றார் தோன் எலியேசர். "பாலர் வகுப்புல ஒரே ஒரு எடம்தான் மிச்சம் இருக்கு. கூரை மாத்துன வருஷம் கிளி கீழ் முனைல இருந்துச்சுன்னு, பார்த்தவங்க மூணு பேரு வந்து கையெழுத்துப் போட்டா சேர்த்துக்குறேன். வெள்ளிக்கிழமை மூணு மணிக்குள்ள. இல்லேன்னா எடம் வேற புள்ளைக்குப் போயிரும்."

அடுத்த பள்ளிக்கூடம் இரண்டு பஸ் தூரம். அங்கே பதினொரு மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார்கள். பதினொன்றிலிருந்து மூன்று வரை யெர்லினை எங்கே வைப்பது? மேலதிகாரியிடம் மறுநாளே கேட்டுப் பார்த்தாள். நிரந்தர வேலையின் முதல் மாதத்திலேயே நேரம் மாற்றக் கேட்பவளை அவர் ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான் பதில். ஸீனியா பஸ் நிலையத்துக்குப் போய் சனிக்கிழமை காலைப் பஸ்ஸில் கொல்ஃபீத்தோவுக்கு இரண்டு இருக்கைகள் எடுத்தாள். திரும்பி வர ஒன்று. அந்தச் சீட்டுகளை இரண்டு முறை எண்ணிப் பையில் வைத்தாள்.

தோன்யா எர்மிதா விட்டுவிடுகிறவர் இல்லை. புதன்கிழமை சாயங்காலம் அவர் வீட்டு முற்றத்தில் ஊரே கூடியது. காப்பி, சோள அடை, பதினைந்து நாற்காலி. விவாதப் பொருள், கூரை மாற்றிய வருஷம் கிளி எங்கே இருந்தது.

"கீழதான்," என்றார் எர்மிதா. "என் மூத்தவனுக்குப் பல்லு மொளைச்ச சமயம். அவன் அழுதா அதுவும் சேர்ந்து அழும். நான் எந்தப் புள்ளைன்னு தெரியாம கிளிக்குத் தாலாட்டுப் பாடியிருக்கேன்."

அவர் தம்பி ஆமாம் போட்டார். அவருக்கு அப்போது மூன்று வயது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டு கையெழுத்து ஆயிற்று. மூன்றாவதற்குத் தகுதியான ஆள் ஒருவர்தான் ஊரில் மிச்சம். கோயில்பிள்ளை தோன் ஃபுல்வியோ. எழுபது வயது, இஸ்திரி போட்ட சட்டை, ஒற்றை நாடி உடம்பு. நாற்பது வருஷமாக மணி அடிப்பவர். காப்பியைத் தொடாமல் எழுந்து நின்றார்.

"கிளி மேல இருந்துச்சு."

"உக்காருங்க ஃபுல்வியோ, உங்களுக்கு மறதி," என்றார் எர்மிதா.

"மறதி எனக்கா, உனக்கா? கூரையில இருந்து கழட்டுன பழைய தகரத்துல ரெண்டு தகரத்த நானே தூக்கிட்டுப் போய் ரஃபாயேலா வீட்டுல கிளிக்கூண்டு மேல வச்சேன். மேல் முனைல. மழையில தடதடன்னு சத்தம் போடுதுன்னு கிளி பயந்துபோய் ஒரு வாரம் சோறு திங்கல. பூசையில ஃபாதர் 'ஆமென்' சொல்றதுக்கு முன்னாடியே அது சொல்லும். அந்த ஒரு வாரந்தான் கோயில் அமைதியா இருந்துச்சு."

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கிளி இறக்கை வெட்டாதது, இரண்டு முனையிலும் இருந்திருக்கலாம் என்றார் ஒருவர். அது கிளியே இல்லை, பெரிய பச்சைக் குருவி என்று ஆரம்பித்த இன்னொருவரை உட்கார வைத்தார்கள். ஸீனியா மட்டும் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். தகரம், மழை, ஒரு வாரம். போர்வை எண்ணுகிறவளுக்குச் சரியான கணக்கைக் கேட்டால் தெரியும். கிழவர் சொல்வதுதான் உண்மை. தன் வீடு நானூறு மீட்டர்தான்.

வியாழக்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் அவள் கோயிலுக்குப் போனாள். தோன் ஃபுல்வியோ மெழுகுவர்த்தித் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துக் கேட்டு வந்தீங்கன்னா வேணாம், மகளே. நான் பொய் சொல்றதில்ல."

"கேக்க வரல, தோன் ஃபுல்வியோ. நீங்க சொல்றதுதான் சரின்னு சொல்லத்தான் வந்தேன். நேத்து எல்லாரும் உங்களக் கேலி பண்ணாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. நானும் அப்படித்தான், ஒண்ணு கொறஞ்சாலும் கொறையுதுன்னு எழுதுற ஆளு."

கிழவர் சுரண்டுவதை நிறுத்தினார். இப்படி ஒரு செய்தியை யாரும் அவரிடம் வந்து சொன்னதில்லை.

"அப்ப புள்ளைய?"

"சனிக்கிழமை ஊருக்குக் கொண்டுபோய் அண்ணிகிட்ட விடுறேன்."

"எத்தன மணி நேரம் பஸ்ஸு?"

"ஏழு."

"வழியில எங்க நிக்கும்?"

"ஒரே ஒரு எடம்."

"நாலு வயசுப் புள்ள ஏழு மணி நேரம் அடக்குமா?" என்று கேட்டார் அவர். பதிலுக்குக் காத்திருக்காமல், ஏதோ கோபத்தோடு, மறுபடியும் மெழுகைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை இரண்டே முக்கால். தலைமையாசிரியர் அறையில் ஸீனியா, யெர்லின், தோன்யா எர்மிதா, அவர் தம்பி. மேசைமேல் இரண்டு கையெழுத்து போட்ட காகிதம். மேலதிகாரியிடம் இன்னொரு முறை கேட்டுப் பார்ப்பதா, பிள்ளைக்குச் சளி என்று ஒரு வாரம் இழுப்பதா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது கதவில் தோன் ஃபுல்வியோ வந்து நின்றார். சவ அடக்கத்துக்குப் போடுகிற கறுப்புக் கோட்டில். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. மூலை நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

தோன் எலியேசர் காகிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு வலது கைச் சுட்டுவிரலை நீட்டி மேசைமேல் வைத்தார். நகத்துக்குக் கீழே ஒரு வெள்ளைத் தழும்பு.

"நானும் இந்த ஊரு ஆளுதான்," என்றார். "எனக்குப் பத்து வயசு. அந்தக் கிளிக்கு வாழப்பழம் குடுத்தேன். அது பழத்த விட்டுட்டு வெரலப் புடிச்சுச்சு. கூரை மாத்துன வருஷந்தான். வேலை நடக்குதுன்னு பள்ளிக்கூடம் லீவு. எங்க வச்சுக் கடிச்சுதுன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

எர்மிதாவின் தம்பி தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைப் பார்த்தார்.

"விண்ணப்பம் உங்களோடது," என்று தோன் எலியேசர் ஸீனியாவைப் பார்த்தார். "கீழ கையெழுத்துப் போட்டிருக்கீங்க, எனக்குத் தெரிஞ்சவரை எல்லாம் உண்மைன்னு. நீங்களே சொல்லுங்க. கிளி என்னை எங்க வச்சுக் கடிச்சுது?"

யெர்லின் மேசையில் கிடந்த பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். திறந்து, மூடி, திறந்து. ஸீனியா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். சின்னக் கை, கொஞ்சம் பிசுபிசுப்பு. நாளைக்கு இந்நேரம் இந்தக் கை கிரெட்டெல் வீட்டில் இருக்கும்.

"கீழ் முனைல," என்றாள் ஸீனியா.

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"நீங்க பொறந்திருக்கவே மாட்டீங்களே."

"பார்த்தேன், தோன் எலியேசர்."

"நான் அழுதேனா?"

"இல்ல. கொஞ்சங்கூட அழல."

தலைமையாசிரியர் விரலை மடக்கிக்கொண்டார். பிறகு மூலைப் பக்கம் திரும்பினார். "தோன் ஃபுல்வியோ, நீங்க பொய் சொல்லாத ஆளு. ஊருக்கே தெரியும். கடிச்சத நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்," என்றார் கோயில்பிள்ளை. "நாந்தான் துணி கட்டி விட்டேன்."

"எங்க கடிச்சுது?"

கிழவர் கோட்டின் பொத்தானைச் சரிசெய்தார். தொண்டையைக் கனைத்தார்.

"வெரல்ல," என்றார்.

தோன் எலியேசர் தலையை ஆட்டினார். 'கடித்ததை நேரில் பார்த்தார்' என்று காகிதத்தில் தெளிவான எழுத்தில் எழுதி, அதன் கீழே கோயில்பிள்ளையைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவரும் போட்டார். அது சத்தியமான வாக்கியம்தான். முத்திரை விழுந்தது. யெர்லின் பேர் பதிவேட்டில் இருபத்தைந்தாவதாக ஏறியது.

"அழுதேன்," என்றார் தோன் எலியேசர், பதிவேட்டை மூடும்போது. "ஊரே கேக்க அழுதேன். அத எழுத வேண்டியதில்ல."

வெளியே வாசலில் தோன் ஃபுல்வியோ கறுப்புக் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். "சனிக்கிழமை சாயங்காலம் ஃபாதர் பாவசங்கீர்த்தனம் கேக்க உக்காருவாரு," என்றார் ஸீனியாவிடம். "நீங்க வந்து சொல்லிருங்க."

"நீங்க?"

"நான் பொய் சொல்லலியே." கொஞ்ச தூரம் போனவர் நின்றார். திரும்பாமலே சொன்னார். "இருந்தாலும் எனக்கும் சேர்த்துச் சொல்லிருங்க."

சனிக்கிழமை அதிகாலை மூன்றரை மணிக்குக் கொல்ஃபீத்தோ பஸ் இரண்டு இருக்கைகள் காலியாகப் புறப்பட்டுப் போனது. ஸீனியாவுக்கு வேலைப் பழக்கத்தில் நாலரைக்கு முழிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் யெர்லின் அவள் தலையணையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். மணியைப் பார்த்தாள். இந்நேரம் மலை ஏறியிருக்கும் என்று நினைத்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு, வெளிச்சம் வரும்வரை அழுதாள். பிறகு எழுந்து காப்பி போட்டாள்.